திறவுகோலும் பள்ளிப் பிள்ளையும்

‘சாவி’ என நாம் நாள்தோறும் வழங்கும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்ததாகும். நம் முன்னோர் அதனைத் ‘திறவுகோல்’ என்றனர். பெயர் எதுவாயினும், அப்பொருள் இன்று நம் மாணவச் செல்வங்கள் சிலரின் புத்தகப் பைக்குள் இருக்கின்றது. பள்ளி விட்டதும் வீடு சென்று, தாமே பூட்டைத் திறந்து, தாமே உணவிட்டு உண்டு, பெற்றோர் திரும்பும்வரை தனித்திருக்கும் பிள்ளைகள் இவர்கள். ஜப்பானியர் இத்தகையோரைக் ‘காகிக்கோ’ என்பர். ‘சாவிப் பிள்ளை’ என்பது அதன் பொருள்.

தோட்ட வாழ்க்கையில் இந்நிலை பெரிதும் எழவில்லை. பொழுது புலருமுன் பெரட்டுக்குச் சென்ற தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டாள். மூத்த பிள்ளை, லயத்திற்கு அருகிலிருந்த தோட்டப் பள்ளிக்கு நடந்து சென்றது. பால் நிறுத்து முடித்து அவள் வீடு திரும்பும் வேளையும் பள்ளி விடும் வேளையும் பெரும்பாலும் ஒட்டியே வந்தன. சற்றுத் தாமதித்தாலும் அடுத்த வீட்டுப் பாட்டி பிள்ளைக்குச் சோறிடுவார். அவ்வாழ்வின் வறுமையை நாம் மறக்கவில்லை. அதனைப் புகழ்வதும் நம் நோக்கமன்று. பிள்ளையைப் பார்க்கும் கண்கள் பல இருந்தன என்பதையே குறிக்கின்றோம்.

1972 இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பெற்றது. மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பெண் மக்கள் பலர் அங்கே வேலைக்குச் சென்றனர். காலப்போக்கில் தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாக மாற, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. அங்கே வீட்டுக்கு வீடு இரும்புக் கம்பிக் கதவு, அதற்கொரு பூட்டு. அண்டை வீட்டாரின் பெயர்கூட அறியாது ஆண்டுகள் கழிவதுண்டு.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். பள்ளி காலை 7.30 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 1.00 மணிக்கு முடிகிறது. வேன் உங்களை 1.40 மணிக்கு வீட்டருகே இறக்குகிறது. தாயாரின் 12 மணி நேர வேலை மாலை 7.00 மணிக்கு முடிந்து, அவர் 7.45 மணிக்கு வீடு சேர்கிறார். தனித்திருந்த நேரம் எவ்வளவு? 6 மணி 5 நிமிடம். பள்ளியில் இருந்ததோ ஐந்தரை மணிதான். பினாங்குப் பாலத்தில் நெரிசல் ஏற்படும் நாளில் விடை இன்னும் பெருகும். ஒரு பிள்ளை ஆசிரியரிடம் இருப்பதைவிடப் பூட்டிய வீட்டில் அதிக நேரம் இருக்கின்றது என்னும் உண்மையைப் பெற்றோர் பெருமக்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டமும் இதனை எண்ணியுள்ளது. 2001 ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தக்க கண்காணிப்பு ஏற்பாடின்றிப் பிள்ளையை விட்டுச் செல்வதைக் குற்றமென்கிறது. 2016 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எந்த வயதில் தனியே விடலாமென அப்பிரிவு வரையறுக்கவில்லை. எவ்வளவு நேரம், எத்தகைய சூழல், யார் பொறுப்பு என்பனவே நோக்கப்படும். வயிற்றுப்பாட்டிற்காக உழைக்கும் தாயைக் குற்றவாளியாக்கிப் பேச நமக்கு மனமில்லை. எனினும் ஏற்பாடு வேண்டும். ஜப்பானில் இப்பொறுப்பைப் பெற்றோர் தலையில் மட்டும் சுமத்தவில்லை. பள்ளி நேரத்திற்குப் பிந்திய பராமரிப்பு நிலையங்கள் 1997 இல் திருத்தப்பெற்ற சிறுவர் நலச் சட்டத்தில் இடம்பெற்றன.

நம் கருத்தைக் கூறுகின்றோம். மூன்றாம் ஆண்டு வரையிலான பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தலாகாது. பூட்டைத் திறக்க அதற்குத் தெரியலாம்; திறக்காதபோது என்ன செய்வதென்று தெரியாது. அப்பிள்ளைக்குச் சாவியன்று, ஆளே தேவை: பாட்டியோ, நம்பிக்கையான அண்டை வீட்டாரோ, பராமரிப்பு நிலையமோ. நான்காம் ஆண்டுக்கு மேற்பட்டோரையும் உடனே தனியே விடாது, விடுமுறை நாளில் பெற்றோர் வெளியே நின்றுகொண்டு பிள்ளையைத் திறக்கவும் பூட்டவும் பலமுறை பழக்குதல் நலம். முதலில் அரை மணி நேரம் மட்டும் தனித்திருக்கச் செய்து பார்க்கலாம்.

சாவியைக் கழுத்தில் எல்லாரும் காணத் தொங்கவிடுதல் கூடாது. வீட்டில் ஆளில்லை என்பதை அது வழிப்போக்கருக்கு அறிவித்துவிடும். பையின் உட்புறத்தில் உறுதியான கயிற்றால் கட்டுக. அதில் வீட்டு முகவரியை எழுத வேண்டா. மாற்றுச் சாவி ஒன்று நம்பிக்கையான அண்டை வீட்டில் இருத்தல் வேண்டும். கால்மிதிக்கு அடியிலும் பூத்தொட்டிக்கு அடியிலும் வைப்பது பழைய வழக்கம். திருடரும் அதனை அறிவர்.

இனி நாம் மிகவும் அஞ்சும் செய்தி. பிள்ளையை உள்ளே விட்டு, வெளியிலிருந்து கம்பிக் கதவைப் பூட்டிச் செல்வோர் உளர். திருடனைத் தடுக்கும் அதே பூட்டு, தீப்பிடித்தால் பிள்ளையையும் தடுக்கும். வெளியே இருப்பவர் பூட்டை உடைக்கும் முன்பே புகை வீட்டை நிரப்பிவிடும். ஆகவே எக்காரணத்தாலும் அவ்வாறு செய்யலாகாது. உட்புறப் பூட்டின் சாவி, வெளியிலிருந்து நீளும் கைக்கு எட்டாததாயும் பிள்ளையின் கைக்கு எட்டுவதாயும் ஓர் ஆணியில் எப்போதும் தொங்குதல் வேண்டும். இருட்டிலும் அதனைத் தடவி எடுக்கப் பழக்குக. தனித்திருக்கும் பிள்ளை அடுப்பைத் தொடலாகாது. மதிய உணவு காலையிலேயே ஆயத்தமாக இருக்கட்டும்.

மாணவர்களே, சாவி தொலைந்தால் அழுதுகொண்டு தெருவில் அலையாதீர்கள். வேனில் ஏறுமுன் தெரிந்தால் பள்ளி அலுவலகத்திற்கே திரும்புங்கள். வீட்டு வாசலில் தெரிந்தால் மாற்றுச் சாவி உள்ள வீட்டிற்குச் செல்லுங்கள். தொலைத்ததற்காக வீட்டில் அடி விழும் என்னும் அச்சமே பிள்ளைகளை இருட்டும்வரை படிக்கட்டில் உட்காரவைக்கிறது. பெற்றோர் இதனைக் கருத்திற் கொள்க. கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுவர இயலாதாகையால், தாய் தந்தையரின் எண்களை வாய்பாடு போல் மனனம் செய்யுங்கள். அவசரத்திற்கு 999, துன்புறுத்தலோ புறக்கணிப்போ நேர்ந்தால் ‘தாலியான் காசே’ சேவையின் 15999.

பெற்றோரின் வேலை முறை, பகலிலிருந்து இரவுக்கு மாறும்போது பிள்ளையின் நாளும் மாறுகிறது. அம்மாற்றத்தை முன்னதாகவே ஒரு தாளில் எழுதி, அன்று பிள்ளையை ஏற்பவர் யார், சாவி யாரிடம் என்பவற்றைக் குறித்து, வகுப்பாசிரியருக்கும் வேன் ஓட்டுநருக்கும் ஒவ்வொரு படி கொடுத்தனுப்புமாறு கேட்டுக்கொள்கின்றோம்.