பத்துக்குப் பிறகு எந்தப் பள்ளி?

பெண்ணின் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்க நாம் ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறோம். பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளி பார்க்க ஆறு நாள்கூடக் கொடுப்பதில்லை. பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று மாலைதான் தொலைபேசி மணி அடிக்கத் தொடங்குகிறது. 'எந்த ஸ்கூல்ல சேர்க்கலாம், சார்?' அதற்குள் பல பள்ளிகளில் இடம் நிரம்பியிருக்கும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு ஏப்ரலிலேயே தொடங்கிவிடுகிறது; தேர்வு முடிவுக்காக அவை காத்திருப்பதில்லை. ஆகவே பள்ளி பார்க்கும் காலம் டிசம்பரும் ஜனவரியும்தான்.

நேரமில்லை என்பது தலைநகரில் பொய்யான காரணமல்ல. நம்மில் பலர் காலை எட்டுக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வீடு திரும்புகிறவர்கள். முப்பது ஆண்டுக்கு மேல் இங்கே மத்திய அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், ஆண்டுக்கு நாலைந்து வீடுகளில் இந்தப் பேச்சுக்கு என்னையும் உட்கார வைக்கிறார்கள். அப்படி அண்மையில் உட்கார்ந்தது என் தங்கை வீட்டில். அதை வைத்தே சொல்கிறேன்.

தங்கை குடும்பம் நொய்டாவில். அவள் நர்ஸ், வாரத்துக்கு வாரம் டியூட்டி மாறும். மாப்பிள்ளைக்கு மாதத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன மாமியார். பெண் பத்தாம் வகுப்பு. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வாய்க்காது என்று தெரிந்ததும், ஃப்ரிட்ஜ் மேல் ஒரு நாற்பது பக்க நோட்டை வைக்கச் சொன்னேன். யாருக்கு எப்போது என்ன தோன்றுகிறதோ அதை எழுத வேண்டும். மற்றவர் எழுதியதை அடிக்கக் கூடாது. வெளியூரிலிருந்து அப்பா தொலைபேசியில் சொல்ல, பெண் எழுதினாள்.

முதல் வரி அப்பாவுடையது: 'இன்ஜினியரிங் கதவை மூட வேண்டாம்.' அதன் கீழே பெண் எழுதியிருந்தாள்: 'ப்ரீ-போர்டில் கணக்கு 62. இதுக்காக நான் எத்தனை நாள் அழுதேன்னு உங்களுக்குத் தெரியாதுப்பா. நீங்க ஊர்ல இல்லை.' நேரில் பேசியிருந்தால் இந்த வரி வந்திருக்காது.

இங்கே பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்தப் பாடத்தை விட்டால் எந்தக் கதவு மூடும் என்பது. கணக்கை விட்டால் பொறியியல், கட்டடக் கலை, டில்லிப் பல்கலைக்கழகத்தின் எகனாமிக்ஸ் ஆனர்ஸ் ஆகியவை போய்விடும். மருத்துவம் போகாது, நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் போதும். சட்டத்துக்கும் சி.ஏ.வுக்கும் எந்தப் பிரிவானாலும் தடையில்லை. 2022 முதல் டில்லிப் பல்கலைக்கழகத்தில் இளநிலை இடம் கியூட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில்தான் கிடைக்கிறது. அங்கே எந்தப் பாடங்களை எழுதலாம் என்பதைப் பன்னிரண்டில் படித்த பாடங்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. எனவே முதலில் பாடம், பிறகுதான் பள்ளி. நம்மவர்கள் பெயர் பெற்ற பள்ளியில் இடத்தைப் பிடித்துவிட்டு, அங்கே கிடைக்கிற பாடத்தை எடுக்கச் சொல்கிறார்கள். தலைகீழான வேலை அது.

(எட்டு, ஒன்பதில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்புக் கணக்கில் ஸ்டாண்டர்டு, பேஸிக் என்று இரண்டு உண்டு. பதினொன்றில் முழுக் கணக்கு வேண்டுமென்றால் ஸ்டாண்டர்டு எடுப்பதே பத்திரம். பேஸிக் எடுத்தவர்களுக்கு வாரியம் சலுகை காட்டியதுண்டு. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.)

பெண்ணுக்கு வேண்டியிருந்தது உயிரியலும் மனோதத்துவமும். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த பள்ளியில் மனோதத்துவம் கலைப் பிரிவுக்கு மட்டும்தான். மயூர் விஹார் பக்கம் ஒரு பள்ளியில் உயிரியலோடு சேர்த்து எடுக்கலாம். ஆனால் அங்கே போக மெட்ரோ, பிறகு ரிக்ஷா. பக்கத்துப் பள்ளி என்றால் இரண்டரைக்குள் வீட்டுக்கு வந்து பாட்டியைப் பார்த்துக்கொள்ளலாம். தங்கை நோட்டில் எழுதிய ஒரே வரி இதுதான்: 'மத்தியானம் மாமிக்கு மருந்து யார் கொடுப்பது?'

நொய்டா, காஜியாபாத், ஃபரிதாபாத், குருகிராம் வாசிகள் பலர் கவனிக்காத விஷயம் இனி வருகிறது. டில்லி அரசின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் 85 சதவீத இடங்கள் டில்லி எல்லைக்குள் உள்ள பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. மெளலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் டில்லி ஒதுக்கீட்டுக்குப் பதினொன்று, பன்னிரண்டு இரண்டையுமே டில்லியில் படித்திருக்க வேண்டும். வீடு எங்கே என்று கேட்பதில்லை. பள்ளி எங்கே என்றுதான் பார்க்கிறார்கள். யமுனைக்கு இந்தப் பக்கம் எல்லைக் கோட்டுக்கு ஐந்நூறு மீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியில் சேர்ந்தால் அந்தப் பங்கு இல்லை. மறுபுறம், பத்தும் பன்னிரண்டும் உத்தரப் பிரதேசத்திலேயே முடித்தவருக்கு அந்த மாநில மருத்துவ இடங்களில் இருக்கும் சுலபமான உரிமையை டில்லிக்குப் போகிறவர் விடுகிறார். இரண்டையும் நோட்டில் எழுதி வைத்தேன். டில்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ., பி.காம். இடங்களுக்கு இந்த எல்லைக் கணக்கு கிடையாது.

நடுவில் ஒரு கோச்சிங் நிலையத்தார் வந்தார். பள்ளிக்கே போக வேண்டாம், பெயர் மட்டும் ஒரு பள்ளியில் இருக்கும், பகல் முழுதும் நீட் பயிற்சி என்றார். டம்மி பள்ளி என்று ஊரறிந்த ஏற்பாடு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது வாரியத்தின் விதி. 2024ல் திடீர்ச் சோதனை நடத்தி 21 பள்ளிகளின் அங்கீகாரத்தையே ரத்து செய்தார்கள். பெரும்பாலானவை டில்லியில் இருந்தவை. இன்னொரு நஷ்டமும் உண்டு. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ கணக்கு 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு என்று 200க்குத்தான் கட் ஆஃப். போர்டு தேர்வைப் புறக்கணித்த பிள்ளைக்கு ஊர்ப்பக்கக் கதவும் சாத்திக்கொள்கிறது. அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம்.

பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஸ்மார்ட் போர்டையும் நீச்சல் குளத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் ஆசிரியர் எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார்? டிசம்பருக்குள் எத்தனை செய்முறை முடித்தார்கள்? இதைப் பிரின்ஸிபாலிடம் கேட்பதைவிட, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று இரண்டு மாணவர்களிடம் கேட்பது மேல். பயணத்தையும் ஒரு திங்கட்கிழமை காலையில், பள்ளிக்குப் போகும் நேரத்திலேயே போய்ப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கார் பயணம் கணக்கில் சேராது. நானும் பெண்ணும் போனோம். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசலுக்கு 48 நிமிடம். அவசரம் கூடாது என்பதற்கு ஒரு காரணம்: பதினொன்றில் சேர்ந்த பள்ளியை வாரியத்தின் அனுமதி இல்லாமல் பன்னிரண்டில் மாற்ற முடியாது. அதற்குப் பெற்றோரின் பணியிட மாற்றம் போன்ற வலுவான காரணமும் தேவை.

தமிழைப் பற்றியும் பேச்சு வந்தது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இங்கே இருக்கின்றன. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஜனக்புரி, பூசா ரோடு பக்கம் வசிப்பவர்கள் அவற்றை முதலில் பார்க்கலாம். தங்கை வீட்டுக்கு அவை தூரம். ஆனால் தமிழ் வெறும் பாசத்துக்குரிய விஷயம் மட்டுமல்ல. தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வுகளில் 2021 டிசம்பர் அரசாணைக்குப் பிறகு பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தாளில் தேர்ச்சி கட்டாயம். நாளை ஊர் திரும்ப நினைக்கும் பிள்ளை, எழுதப் படிக்கத் தெரியாமல் அங்கே போய் நிற்க முடியாது. பள்ளியில் இல்லையென்றால் சங்கத்தின் வார இறுதி வகுப்பு இருக்கிறது.

கடைசியில் நோட்டில் அப்பா எழுதச் சொன்ன வரிக்கு இரண்டு நாள் பிடித்தது. 'சரி. கணக்கு வேண்டாம். முதல் நாள் மெட்ரோவில் நான் கூட வருவேன்.' தங்கை மதிய ஷிஃப்டை விட்டு வாரத்தில் நாலு நாள் இரவு டியூட்டிக்கு மாற்றிக்கொண்டாள். மீதி நாளுக்கு மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் மருந்து கொடுக்க ஒப்புக்கொண்டார். பெண் மயூர் விஹாரில் சேர்ந்தாள். முதல் மாதம் சாப்பாட்டு மேஜையிலேயே தூங்கினாள். தங்கை கண் விழிப்பதைப் பார்த்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது. நான்கு பேரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக் கொடுத்த ஏற்பாடு இது. அடுத்த வீட்டுக்கு இதே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளையும் மனத்தில் வைத்திருப்பவர்கள், இந்த இரண்டு ஆண்டுகளில் கோடை விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரு வேலையை முடித்துவிடுங்கள். வெளிமாநிலத்தில் படித்த நம் பிள்ளைகள் அங்கே பொறியியலுக்கு விண்ணப்பிக்க நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டும். அதை வருவாய்த் துறையிடமிருந்து பெற வேண்டும். மருத்துவத்துக்கு விதிகள் இன்னும் கடுமை. அந்தந்த ஆண்டுக் கையேட்டை வரி விடாமல் படியுங்கள். பெற்றோரின் பள்ளிச் சான்றிதழ்களையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போகவும். பெயரில் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் ஒன்றில் பின்னாலும் இருந்தால், பிளஸ் டூ தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகுமுன் பள்ளியில் சொல்லிச் சரி செய்துகொள்ளுங்கள்.