தோட்டத்துக் காய்ச்சலுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்? முழுமையான வழிகாட்டி

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது காஹாங். மண், மழைத்தண்ணீர், புல், எலி. தோட்ட வேலை என்றால் இவை நான்கும் கூடவே வரும். காய்ச்சல் கண்டால், போன மாதம் தொண்டை வலிக்குக் கொடுத்த அமோக்சிசிலின் மிச்சம் இருக்கிறதா என்று பலர் டப்பாவைத் திறக்கிறோம். அந்த மாத்திரை ஏன் உதவாமல் போகலாம் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கிருமி எது?

ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை மட்டுமே அடக்கும். சளி, டிங்கி போன்றவை வைரஸால் வருபவை. அவற்றுக்கு இது வேலை செய்யாது.

படி 2: மருந்து எங்கே தாக்குகிறது?

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. நம் உடல் அணுக்களுக்கு அது இல்லை. பெனிசிலின், அமோக்சிசிலின், செபாலெக்சின், செப்ட்ரியாக்சோன் எல்லாம் அந்தச் சுவரைக் கட்டவிடாத ஒரே கூட்டம். டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் வேறு வேறு வகை. ஆனால் இரண்டும் கிருமிக்குள் புரதம் தயாராவதைத் தடுக்கின்றன. சிப்ரோபிளாக்சசின் டிஎன்ஏவை நகலெடுக்க விடாது. கோ-டிரைமோக்சசோல் கிருமியின் போலிக் அமிலத் தயாரிப்பை நிறுத்துகிறது.

படி 3: மூன்று காய்ச்சல், மூன்று வைத்தியம்

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் வருவது லெப்டோஸ்பிரோசிஸ். லேசாக இருந்தால் டாக்சிசைக்ளின் போதும். முற்றினால் பெனிசிலின் அல்லது செப்ட்ரியாக்சோன் ஊசி.

ஸ்கிரப் டைபஸ், புல்லில் இருக்கும் மிகச் சிறிய உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கலாம். இந்தக் கிருமி நம் அணுக்களுக்குள்ளேயே குடியிருப்பதால் அமோக்சிசிலின் இதை ஒன்றும் செய்யாது. 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் ஜோசப் ஸ்மேடல் குழுவினர் குளோராம்பெனிக்கால் கொடுத்து இதைக் குணப்படுத்தினார்கள். ஸ்கிரப் டைபஸ் என்று நினைத்து மருந்து கொடுத்தவர்களில் சிலருக்கு உண்மையில் டைபாய்டு, அவர்களும் தேறினார்கள். டைபாய்டுக்கு மருந்து கிடைத்தது இப்படித்தான். ஆனால் அந்த மருந்து அரிதாக எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். அதனால் இன்று டாக்சிசைக்ளின்தான் முதல் தேர்வு.

எனக்கு அதிகம் கவலை தருவது மூன்றாவதான மெலியோய்டோசிஸ். சேற்றிலும் தண்ணீரிலும் உள்ள கிருமியால் வருவது. இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களையே அதிகம் பிடிக்கும். நம் குடும்பங்களில் அந்த நோய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பெனிசிலின் இதனிடம் தோற்றுவிடும். மருத்துவமனையில் குறைந்தது 10 நாள் செப்டாசிடிம் போன்ற ஊசி, பிறகு சுமார் 3 மாதம் கோ-டிரைமோக்சசோல். பாதியில் விட்டால் நோய் திரும்பி வரும்.

படி 4: பக்க விளைவுகள்

அமோக்சிசிலின் வயிற்றுப்போக்கு தரலாம். எந்த மருந்தானாலும், சாப்பிட்டதும் முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். டாக்சிசைக்ளினை ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலிலும் தோல் சீக்கிரம் கருகும், வெளிவேலை செய்பவர்கள் முழுக்கைச் சட்டை போடுவது நல்லது. சிறு குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. சிப்ரோபிளாக்சசின் குதிகால் தசைநாரைப் பாதிக்கலாம். கோ-டிரைமோக்சசோல் சாப்பிடும்போது தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மருந்தை நிறுத்தி, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ஜி6பிடி எனும் நொதிக் குறைபாடு இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 5: கிளினிக்கில் என்ன சொல்வது?

காய்ச்சல் எத்தனை நாள் என்பதோடு நிறுத்தாதீர்கள். தோட்ட வேலையா, ஆற்றில் குளித்தீர்களா, காலில் வெட்டுக்காயம் இருந்ததா, இனிப்பு நீர் உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட்தான். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை அடுத்த முறை போகும்போது எடுத்துப்போய் மருந்து கொடுக்கும் கவுன்டரில் ஒப்படைத்துவிடுங்கள்.