ஒலிபெருக்கி வாங்கும் முன்

கம்போங் ராஜாவை ஒட்டிய கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில், தகரக் கூரையில் மழை கொட்டினால் தொலைக்காட்சி வசனம் காதில் விழாது. மெல்லிய தொலைக்காட்சிக்குள் இருக்கும் ஒலிபெருக்கி மிகச் சிறியது. பாட்டி, “என்ன சொன்னான்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒலிபெருக்கி வாங்கும் பேச்சு அப்போதுதான் எழும்.

கடையில் ‘5.1’ அமைப்பு கண்ணைக் கவரும். ஐந்து ஒலிபெருக்கிகள், தாழ்ந்த ஒலிக்கென இன்னொரு பெரிய பெட்டி. வசனம் பெரும்பாலும் நடுப்பெட்டியிலிருந்தே வரும். இரண்டு பெட்டிகள் மட்டும் இருந்தால் அவையே அதைப் பகிர்ந்து ஒலிக்கும். ஆகவே, இருக்கும் கொஞ்சப் பணத்தை ஆறாகப் பங்கிடுவதைவிட, தரமான இரண்டு பெட்டிகளை வாங்குவதே மேல். அவற்றைத் தொலைக்காட்சியின் இருபுறமும், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் வைக்க வேண்டும். அலமாரிக்குள் அடைத்து வைத்தால் கொடுத்த விலை வீண்.

வாட் எண்ணைக் கண்டும் மயங்கக்கூடாது. 50 வாட்டை 100 ஆக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறு வேறுபாடே.

வரிசை வீடுகளில் தாழ்ந்த ஒலி சுவரைக் கடந்து போகும். விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர் அந்தப் பக்கம் உறங்கிக்கொண்டிருப்பார். பெரிய பெட்டியைப் பணம் சேர்ந்தபின், அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாம்.