கழுத்து ஆபரேஷனுக்கு அப்புறம் சின்னக் கட்டியா? முதல்ல ஸ்கேன் பாருங்க!

தைராய்டு புற்றுநோய்க்காகக் கழுத்தில் அறுவை சிகிச்சை முடிந்து ஓரிரு வருஷம் ஆகிவிட்டது. ஒருநாள் தழும்புக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் ஏதோ தட்டுப்படுகிறது. "நெறி கட்டியிருக்கு, நோய் திரும்ப வந்துடுச்சோ?" என்று மனசு பதறும். அது புற்றுநோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அது என்ன?
நிணநீர் முடிச்சுகளை அகற்றும்போது சில உணர்வு நரம்புகள் வெட்டுப்படலாம். பரமத்தி வேலூர் கொடிக்கால்களில் பார்த்திருப்பீர்கள்: நுனியைக் கிள்ளிய வெற்றிலைக் கொடி பக்கவாட்டில் தழைக்கும். வெட்டுப்பட்ட நரம்பும் அப்படித்தான். மறுமுனையைத் தேடி வளர்ந்து, வழியில்லாமல் சுருண்டு முடிச்சாகிறது. இதற்கு 'டிராமாட்டிக் நியூரோமா' என்று பெயர். இது புற்றுநோய் அல்ல.

ஸ்கேனில் எப்படித் தெரியும்?
• நரம்புக் கட்டி: பெரும்பாலும் 1 செ.மீ.க்குள், கருமையாக, நீள்வட்டமாக இருக்கும். ஒரு நரம்போடு தொடர்ந்திருப்பது முக்கிய அடையாளம். டாப்ளரில் ரத்த ஓட்டம் அதிகம் தெரியாது. அடுத்தடுத்த ஸ்கேன்களில் பெரும்பாலும் வளராது.
• புற்று பரவிய முடிச்சு: உருண்டையாக இருக்கலாம். உள்ளே சுண்ணாம்புப் புள்ளிகள், நீர்ப்பை, கூடுதல் ரத்த ஓட்டம் தெரியலாம்.

சந்தேகம் இருந்தால் ஊசி மூலம் திசு எடுத்துப் பார்ப்பார்கள். நரம்புக் கட்டியில் ஊசி பட்டால் 'சுரீர்' என்று கடுமையாக வலிக்கும். வலித்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் ஒரு துப்புதான். தைரோகுளோபுலின் ரத்தப் பரிசோதனையும் உதவும்.

நீங்கள் செய்ய வேண்டியது
1. கட்டியை அமுக்கிப் பார்க்காதீர்கள், எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள்.
2. ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், பழைய ஸ்கேன் எல்லாவற்றையும் மொபைலில் போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்கேன் பார்ப்பவரிடம் "கழுத்தில் ஆபரேஷன் ஆகியிருக்கு" என்று கட்டாயம் சொல்லுங்கள்.
3. கழுத்து அல்ட்ராசவுண்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. கதிர்வீச்சும் இல்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றினால் போதும்.
4. முதலில் ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போங்கள். முடியாவிட்டால் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம்.

நரம்புக் கட்டி என்று உறுதியாகி, வலியும் இல்லையென்றால் பொதுவாக இன்னொரு ஆபரேஷன் தேவைப்படாது. டாக்டர் சொன்ன தேதியில் ஸ்கேன் எடுத்தால் போதும். ஆனால் "இதுவும் அதுதான்" என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள். திரும்பி வரும் புற்றும் முதலில் சின்னதாகத்தான் இருக்கும்.

மருத்துவ ஆலோசனைக்கு: 104
முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட விவரங்களுக்கு: 1800 425 3993