இரப்போரை இகழற்க
(சிறுவர்க்குரிய பாடம்)

மாணாக்கர்காள்! அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை, கல்முனைக் கடைத்தெருவிலே முதியவரொருவர் கையேந்தி நின்றார். பள்ளிவாசலிலே தொழுது மீண்டோர் சிலர் அவர் கையிற் காசிட்டுச் சென்றனர். அவ்வழியே வந்த நம் மாணாக்கனொருவனோ, ஒன்றும் இடாதொழிந்ததுமன்றி, இரத்தல் இழிவென்று ஆத்திசூடியிலே தான் படித்த நீதியை அவர் செவிப்பட ஓதினான். உடன் வந்தோர் நகைத்தனர். முதியவர் விடை கூறாது தலை குனிந்தார். அம்மாணாக்கன் பாடத்தைப் பிழையற மனனஞ் செய்தவனே. பொருளை மாத்திரம் பிழைபட உணர்ந்தான். அப்பிழையைத் திருத்துதல் ஆசிரியராகிய எமது கடனாதலின், இதனை எழுதலாயினோம்.

ஔவையார் இரத்தல் இகழ்ச்சியென்னும் நீதியை அடுத்தே, இரப்போர்க்கு இட்டுப் பின் உண்க என்னும் நீதியையும் வைத்தார். இவை தம்முள் முரணாவோ எனின், ஆகா. முன்னையது, உழைக்க வலியிருந்தும் பிறர் பொருளை ஏற்க நீளும் நம் கையைத் தடுப்பது. பின்னையது, இட மறுத்து மடங்கும் நம் கையை நீட்டுவிப்பது. இரண்டும் நமக்கே கூறப்பட்டன. பிறரை அளக்குங் கோலாக ஒன்றும் தரப்படவில்லை. திருவள்ளுவரும் ஈகைக்கு ஓரதிகாரம் வகுத்ததோடமையாது, இரவு, இரவச்சம் என்பவற்றை 106ஆம், 107ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தமை காண்க.

இனி, சிலர் இரத்தற்குக் காரணம் யாதெனிற் கூறுதும். வடகீழ்ப் பருவக்காற்றினாற் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலே கரைவலை இழுப்போர்க்குத் தொழிலில்லை. பெரும்போக வயலை வெள்ளம் அழிப்பின், கூலிக்கு நெல் அரிவோர்க்கு வேலையில்லை. நூல்விலை ஏறின், மருதமுனைத் தறிகள் ஓயும். இவற்றோடு நோய், முதுமை, கடன், உழைப்போனை இழத்தல் என்பவற்றுள் ஒன்று சேருமாயின், சேமிப்பில்லாத குடும்பம் சில கிழமைகளிலே தெருவுக்கு வந்துவிடும். அம்முதியவரை யாம் பின்னர் வினாவியபோது, இளமை தொட்டு வலையிழுத்தவரென்றும், கண்ணொளி குன்றியபின் வேலை கொடுப்பாரிலரென்றும் அறிந்தோம்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்து, அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அன்று காலையில் வீடும் தோணியும் கடையும் உடையராயிருந்தோர், மாலையிலே சோற்றுப்பொதிக்கு வரிசையில் நின்றனர். யானும் நின்றேன். எனக்குப் பொதி தந்தவர் ஒரு முஸ்லிம் இளைஞர். அவர் என் சமயத்தை வினவினாரல்லர், என் சோம்பலை ஆராய்ந்தாருமல்லர். அன்று அவர் எனக்கு நீதி ஓதியிருப்பின், அச்சோறு என் தொண்டையில் இறங்கியிராது.

நம் அயலவராகிய முஸ்லிம்களுக்கு ஸக்காத்து என்பது விதிக்கப்பட்ட கடமை. குறித்த அளவுக்கு மேற்பட்ட செல்வம் ஓராண்டு தம்மிடம் நிலைபெறின், அதில் 40இல் ஒரு பங்கை வழங்கல் வேண்டும். அதனைப் பெறுதற்குரிய எண்வகையினருள் வறியோரும் கடன்பட்டோரும் வழிப்போக்கரும் அடங்குவர். கொடுப்பது கடமையாகவே, பெறுவோர் நாணுதற்கு இடமில்லை.

சைவர்களாகிய நாமோ இன்னும் அஞ்சுதற்குரியோம். சுந்தரமூர்த்தி நாயனார் திருக்கச்சூரிலே பசியால் வருந்தியபோது, சிவபெருமான் அந்தணர் வடிவங்கொண்டு வீடுதோறுஞ் சென்று சோறிரந்து கொணர்ந்து ஊட்டியருளினார் என்பது பெரியபுராண வரலாறு. அன்று சோறிட்ட மனையோர், வாயிலில் நின்றவர் யாரென்று அறிந்திலர். நாமும் அறியோம்.

சோம்பலால் இரப்போரும், சிறுவரை ஏவி இரப்பித்துப் பொருளீட்டுவோரும் சிலர் உளரன்றோ எனின், உளர். அவரை ஆராய்தல் பெரியோர் தொழில். ஐயம் தோன்றின், காசுக்கு மாறாக உணவு இடுக. பள்ளி செல்லும் வயதினர் இரக்கக் காணின், ஆசிரியரிடம் சொல்லுக. ஒன்றும் இடற்கு இல்லையாயினும், இன்சொல் ஒன்று எல்லாரிடத்தும் உண்டு.

அம்மாணாக்கன் இதனைப் படிப்பானென்பது எமக்குத் தெரியும். வருகின்ற வெள்ளிக்கிழமை அவன் அவ்வழியே செல்லக்கடவன். அவன் முன்பு ஓதிய நீதிக்கு அடுத்த நீதி இன்னும் ஓதப்படாதிருக்கின்றது; அதனை வாயாலன்றிக் கையால் ஓதுவானாக.