விபத்துக்குப் பின் வாகனத் திருத்தம்: புதிய பாகமா, பாவித்த பாகமா?

மன்னார் தீவில் இரவில் வாகனம் ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்த விடயம். வீதியில் கழுதைகள் படுத்திருக்கும். வெளிச்சம் பட்டாலும் எழும்பாது. ஒன்றைத் தவிர்க்க ஓட்டோவைத் திருப்பினால் மதகில் முட்டும், அல்லது மணலில் புரளும். உயிர் தப்பினாலும் அடுத்த நாள் காலை தொழில் நின்றுவிடும். லீசிங் தவணை நிற்காது.

இந்தப் பாடம் அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றியது. காப்புறுதி நிறுவனம் செலவை ஏற்கும்போது வாகனத்துக்கு என்ன பாகம் பூட்டப்படுகிறது, அதை யார் தீர்மானிக்கிறார், நீங்கள் எப்போது கேட்க வேண்டும் என்பவற்றை இங்கே பார்ப்போம். தமிழகத்திலிருந்து திரும்பியவர்கள் 'காப்பீடு' அல்லது 'இன்சூரன்ஸ்' என்று பழகியதே இங்கு 'காப்புறுதி'.

உங்கள் காப்புறுதி எந்த வகை?

மோட்டார் வாகனச் சட்டத்தின்படி எல்லோருக்கும் கட்டாயமானது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கே அது பொறுப்பேற்கும். உங்கள் வாகனத்தைத் திருத்த அதிலிருந்து பணம் வராது. அதற்கு முழுமையான காப்புறுதி வேண்டும். லீசிங்கில் எடுத்த வாகனங்களுக்குப் பெரும்பாலும் முழுமையான காப்புறுதியே போடப்பட்டிருக்கும். இன்றே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். மொழி விளங்காவிட்டால் நம்பிக்கையான ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

நிறுவனம் ஏன் பாவித்த பாகம் என்கிறது?

காப்புறுதியின் அடிப்படை, விபத்துக்கு முந்திய நிலைக்கு உங்களைக் கொண்டுவருவது. அதைவிட நல்ல நிலைக்குக் கொண்டுவருவது அல்ல. பத்து வருடம் ஓடிய வானின் கதவும் பத்து வருடம் பழையதுதான். ஆகவே நிறுவனங்கள் பொதுவாக இரண்டு வழிகளில் ஒன்றை எடுக்கும். புதிய பாகத்துக்குப் பணம் தந்து, அதில் ஒரு பங்கைப் பெறுமானத் தேய்வு என்று கழிக்கும். அல்லது பாவித்த பாகத்தின் விலையை மட்டும் தரும். கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில், கழற்றிய வாகனங்களின் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன.

பாவித்த பாகம் என்றதும் ஏமாற்று என்று எண்ண வேண்டாம். பிரான்சில் 2017 ஜனவரி முதல், வாகனம் திருத்துபவர் பாவித்த பாகத்தையும் ஒரு தெரிவாக வாடிக்கையாளருக்கு முன்வைக்க வேண்டும் என்பது சட்டம். கதவு, கண்ணாடி, விளக்கு போன்றவை அதில் அடங்கும். ஆனால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் அதில் சேர்க்கப்படவில்லை. ஏற்பதா இல்லையா என்ற முடிவும் வாடிக்கையாளருடையது. நாமும் பின்பற்றக்கூடிய நல்ல அளவுகோல் இது.

எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது?

கதவு, மட்கார்ட், பம்பர், விளக்குக் கூடு, பக்கக் கண்ணாடி ஆகியவற்றைப் பாவித்ததாக ஏற்கலாம். ஆனாலும் பெயின்ற் அடிக்க முன்னர் போய்ப் பாருங்கள். உட்புற விளிம்பிலும் ஒட்டு வைத்த இடத்திலும் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெயின்றுக்குக் கீழே துரு இருந்தால் நம் கடற்காற்றுக்கு அது விரைவிலேயே வெளியே வரும். மீனும் ஐஸும் ஏற்றும் வாகனமாக இருந்தால் இன்னும் விரைவாக வரும்.

பிரேக் பாகங்கள், ஸ்டியரிங் பாகங்கள், ஓட்டோவின் முன் ஃபோர்க், டயர், சீற் பெல்ட், எயார் பேக் ஆகியவற்றைப் பாவித்ததாக ஏற்காதீர்கள். முன்பு ஒரு விபத்தைக் கண்ட பாகத்தில் உள்ளே வெடிப்பு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஓட்டோவில் பள்ளிக்கூடம் போவது உங்கள் பிள்ளைகளும் அயலவரின் பிள்ளைகளும்தான். விலை வித்தியாசத்தை நீங்களே கட்ட வேண்டி வந்தாலும் புதியதையே கேளுங்கள்.

இரண்டு முறை இழக்காதீர்கள்

இது ஒரு கணக்கு. தொகைகள் உதாரணத்துக்கு மட்டும்.

புதிய கதவின் விலை 40,000 ரூபாய். தேய்வு 25 வீதம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் 30,000 தருகிறது, நீங்கள் 10,000 கட்டுகிறீர்கள். ஆனால் கராஜில் 18,000 ரூபாய்க்கு வாங்கிய பாவித்த கதவு பூட்டப்படுகிறது. மிச்சம் 22,000 ரூபாய். அதில் உங்கள் 10,000 முழுவதும் அடங்கும். புதியதற்கான கழிவையும் கட்டி, பழையதையும் பெற்றுக்கொண்டீர்கள். பாவித்த பாகம் பூட்டியது இங்கே பிரச்சினை அல்ல. அதை உங்களுக்குச் சொல்லாமல் புதியதென்று கணக்கு வைத்ததுதான் பிரச்சினை.

இன்னொரு கழிவும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வாகனங்களின் விலையும் ஏறியது. பலருடைய பத்திரத்தில் பழைய பெறுமதியே இருந்தது. ஆறு இலட்சம் பெறுமதியான ஓட்டோவை நான்கு இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 90,000 ரூபாய் சேதத்துக்கு 60,000 மட்டுமே தரலாம் என்ற விதி பத்திரத்தில் இருக்கக்கூடும். புதுப்பிக்கும்போது சந்தைப் பெறுமதியைத் திருத்தச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியவை, வரிசைப்படி

1. விபத்து நடந்த இடத்திலிருந்தே நிறுவனத்துக்கு அறிவியுங்கள். வாகனத்தை நகர்த்த முன்னர் படம் எடுங்கள்.
2. மதிப்பீட்டின் பிரதியைக் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே 'புதியது' அல்லது 'பாவித்தது' என்று எழுதுவியுங்கள். வேலை தொடங்க முன்னர் இதைச் செய்ய வேண்டும்.
3. நிறுவனத்தின் அனுமதி வர முன்னர் திருத்த வேலையைத் தொடங்க விடாதீர்கள்.
4. கழற்றிய பழைய பாகங்களைக் காட்டச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் அவற்றைத் தாமே எடுத்துக்கொள்ளும். அப்படியென்றால் படம் எடுத்து வையுங்கள்.
5. பற்றுச்சீட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும்.
6. வாகனத்தை ஓட்டிப் பார்த்த பின்னரே இறுதிப் படிவத்தில் கையொப்பமிடுங்கள். 'முழுத் திருப்தியுடன் பெற்றேன்' என்று கையொப்பமிட்டபின் பேசுவது கடினம்.

சரிவராவிட்டால்

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பிரதியும் திகதியும் உங்களிடம் இருக்கட்டும். பதில் திருப்தியில்லை என்றால் கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கோ, இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கோ எழுதலாம். கராஜைப் பற்றிய முறைப்பாடு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் கொடுக்கலாம். கடிதம் எழுத உதவி தேவைப்பட்டால் எமது கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

கராஜில் கேள்வி கேட்டால் மெக்கானிக் கோபிப்பார் என்று பலர் தயங்குகிறார்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார். பாகத்தைக் கையில் எடுத்துத் தந்து, 'இது பாவித்தது, இன்ன விலை' என்று அவரே சொல்லுவார்.

வீட்டில் செய்து பாருங்கள்

உங்கள் பத்திரத்தில் இந்த மூன்றையும் தேடி, கொப்பியில் எழுதி வையுங்கள்: காப்புறுதி வகை, வாகனத்தின் பெறுமதி, பாகங்களுக்கான தேய்வுக் கழிவு. மூன்றில் ஒன்று கிடைக்காவிட்டாலும், விபத்து நடக்க முன்னரே நிறுவனத்தின் கிளைக்குப் போய்க் கேளுங்கள்.