பழவேற்காடு ஏரியின் நிலவியலும் உயிர்வளமும்

கரையான்சாவடியில் வாழும் நமக்கு ஏரி என்றவுடன் நினைவுக்கு வருவது செம்பரம்பாக்கமே. மழைநீரைத் தேக்கி வயலுக்கும் மாநகரின் குடிநீர்த் தேவைக்கும் உதவிய நன்னீர் ஏரி அது. நமது திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்குக் கோடியில், குடிக்கவும் உழவுக்கும் பயன்படாத நீரையுடைய மற்றோர் ஏரியும் உண்டு. அதுவே பழவேற்காடு. அந்த உவர்நீர் எத்தனை உயிர்களை வாழ்விக்கின்றது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அமைப்பு

ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் பழவேற்காடு ஆகும். தெற்கு வடக்காக ஏறத்தாழ 60 கி.மீ. நீளமுடையது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி தமிழகத்திலும் அமைந்துள்ளன. ஸ்ரீஹரிகோட்டா தீவு இதனை வங்கக் கடலினின்று பிரிக்கின்றது. ஆரணியாறும் காளங்கி ஆறும் இதில் வந்து கலக்கின்றன. இத்துணைப் பரப்பிருந்தும் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டரே.

நீரின் இயல்பு

நடு ஆசியப் புல்வெளியிலும் ஆழங்குறைந்த உப்பேரிகள் உள்ளன. கசகஸ்தானின் தெங்கிஸ் ஏரி அவற்றுள் ஒன்று. ஆற்றுநீர் உள்ளே வருகிறது, வெளியேற வழியில்லை. நீர் ஆவியாக, உப்பு எஞ்சுகிறது. பழவேற்காட்டின் உப்போ கடல் தந்தது. முகத்துவாரத்தின் வழியே ஓதநீர் உள்ளே புகுகின்றது. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்றுவெள்ளம் பெருகி உப்பு வெகுவாகக் குறையும். கோடையில் நீர் வற்றி, சில பகுதிகளில் கடல்நீரையும் விஞ்சும். இம்மாற்றமே ஏரியின் உயிர்மூச்சு எனலாம்.

உயிரினங்கள்

வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகின்றது. அதன் குஞ்சுகள் ஓதநீரோடு ஏரிக்குள் வந்து, இரை மிகுந்த ஆழமற்ற நீரில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மடவை மீனும் நண்டும் இங்கு மிகுதி. கூழைக்கடா, நாரை, உள்ளான் முதலிய பறவைகள் இவற்றை நாடி வருகின்றன.

இவற்றுள் பூநாரை தனிச்சிறப்புடையது. நெடுங்கால்களால் சேற்றைக் கலக்கி, அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, நாவினால் நீரை உறிஞ்சி வெளித்தள்ளும். அலகிலுள்ள சல்லடை போன்ற அமைப்பில் பாசியும் சிற்றுயிர்களும் தங்கிவிடும். அவ்வுணவிலுள்ள நிறமிகளே அதன் இறகுக்குச் செந்நிறம் ஊட்டுகின்றன. நீர் ஆழமாயின் பூநாரை நின்று மேய இயலாது. ஆழமின்மையைக் குறையெனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மனிதரும் முகத்துவாரமும்

இங்குள்ள மீனவர்கள் 'பாடு' என்னும் மரபுமுறையைப் பின்பற்றி வந்துள்ளனர். மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. வலியவன் நல்ல இடத்தை என்றும் தனதாக்கிக்கொள்ளாதபடி காக்கும் அறம் அதில் உள்ளது.

ஆயினும், அலைகள் கொணரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் பாடு இருந்தும் பயனில்லை. இறால் குஞ்சுகள் உள்ளே வாரா. படகுகள் கடலுக்குச் செல்லா. கோடையில் உப்பு அளவுக்கு மீறும். முகத்துவாரம் தூர்ந்தால் உலை கொதிப்பதும் நின்றுபோகும் குடும்பங்கள் பல.

இதற்குத் தீர்வில்லாமல் இல்லை. சில்கா ஏரியில் 2000ஆம் ஆண்டு கடலுக்குப் புதிய வாயில் வெட்டப்பட்டது. அதன்பின் மீன்வளம் வியக்கத்தக்க வகையில் மீண்டது. 2002இல் அப்பணிக்கு ராம்சர் விருதும் கிடைத்தது. மணலின் போக்கை ஆராய்ந்து, மீனவரின் பட்டறிவையும் கேட்டுச் செயற்படின் பழவேற்காடும் தழைக்கும்.

முடிவுரை

தமிழக அரசு 1980இல் இவ்வேரியின் தென்பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பறவையைக் காப்பதும், மீனவர் வாழ்வைக் காப்பதும், கடல்வாயைத் திறந்து வைப்பதும் வெவ்வேறு பணிகள் அல்ல. குடிக்க உதவும் நீரை மட்டுமே நீர்வளம் என எண்ணும் வழக்கத்தை நாம் விடுதல் வேண்டும். உவர்நீரும் இறைவன் அளித்த அமானிதமே. அதனைக் காத்துப் பின்வருவோரிடம் ஒப்படைப்பது நம் கடன்.